'பத்திர' என்று நின்றுபோன படகு

2022 ஏப்ரல் மாதம் திருகோணமலையில், திருக்கடலூர்க் கரையில் ஒரு பைபர் போட்டுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தேன். போட்டுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் கேட்ட பேர் 'ஸ்ரீ பத்திரகாளி'. வெண்கட்டியால் முழுப் பேருக்கும் கோடு இழுத்துவிட்டு, நீலத்தின் மேல் வெள்ளை எனாமலால் நிரப்பிக்கொண்டு வந்தேன். 'ர' முடிகிற இடத்தில் டின்னின் அடி தட்டியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய் மூன்று ஹாட்வெயர் கடை ஏறி இறங்கினேன். இரண்டில் வெள்ளை இல்லை. மூன்றாவதில் ஒரே ஒரு டின் இருந்தது. அதில் பழைய விலையின் மேல் புது விலை ஒட்டி, அதன் மேல் இன்னொன்றும் ஒட்டியிருந்தது.

திரும்பி வந்து விலையைச் சொன்னேன். சம்மாட்டியார் அணியத்தில் குந்தியிருந்து கடலைப் பார்த்துக்கொண்டே, "விடு மகன். மண்ணெண்ணெயே இல்ல. பேரை எழுதி ஆருக்குக் காட்டுற? எண்ணெய் வரட்டும், மிச்சத்தை எழுதுவம்" என்றார்.

வெண்கட்டிக் கோடு இரண்டு நாளில் காற்றோடு போயிற்று. போட் 'ஸ்ரீ பத்திர' என்று மட்டும் கரையில் நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாம், "ஓம், பத்திரமாத்தான் நிக்குது" என்று பகிடி விட்டார்கள்.

ஊரில் எனக்கு 'பெயின்ட் அண்ணன்' என்று பேர். வீட்டுக்கு நிறம் பூசக் கூப்பிட்டவர்களும் உண்டு, போயும் இருக்கிறேன். படம் வரைவது என் வேலை, ஆனால் அது தனியாக ஒருநாளும் அடுப்பெரித்ததில்லை. கடைப் பெயர்ப்பலகை, கோவில் வாகனம், பாடசாலைச் சுவர், போட்டுப் பேர் என்று நாலு பக்கத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததில்தான் கன்வஸ் வாங்கினேன். பிளெக்ஸ் அச்சு வந்து பெயர்ப்பலகையைத் தின்றது. போட்டுப் பேர் மட்டும் தப்பியது, ஏனென்றால் போட்டின் வளைந்த விலாவில் ஒட்டுகிற ஸ்டிக்கர் நாலு பயணம் தாங்காது. உப்புத்தண்ணீர் ஓரத்தைக் கிளப்பிவிடும். இந்த வேலையைக் குறைவாகப் பேசும் ஓவிய நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். வளைந்த பரப்பில், வெயிலில், ஒரே இழுப்பில் 'ஸ்ரீ' எழுதிப் பார்த்துவிட்டுக் கதைக்கட்டும்.

ஐந்தாவது பக்கம் ஒன்றும் இருந்தது, வெள்ளைக்காரர். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சீசன் சித்திரையில் தொடங்கிப் புரட்டாதி வரை ஓடும். அந்தக் காலத்துக்கு விடுதிகளில் சின்னப் படங்கள் மாட்டி வைப்பேன். சுவாமி மலை, கோட்டைக்குள் படுத்திருக்கும் புள்ளிமான், மாலைநேர வள்ளம். இவை மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டே வரைவேன் என்ற நிலைக்கு வந்திருந்தேன். அதற்குள் 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு. அடுத்த வருடம் மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று அரசாங்கமே கையை விரித்தது. ஒவ்வொன்றும் சீசன் தொடங்குகிற நேரம் பார்த்து வந்தது. நாலு வருடத்தில் ஒழுங்கான சீசன் என்று ஒன்றையும் நான் காணவில்லை.

அப்போது பட்ட அடி ஒன்றைச் சொல்லவேண்டும். கடற்கரை விடுதி ஒன்றில் என்னுடைய பதினொரு படங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. விற்றால் காசு, விற்காவிட்டால் படம் என்று வாய்ப்பேச்சு, அவ்வளவுதான். கொரோனாவில் விடுதியைப் பூட்டினார்கள். திறந்தபோது மனேச்சர் வேறு ஆள். "அப்படி ஒரு கணக்கும் எங்களிட்ட இல்லையே" என்றார். நல்ல மனிதர்தான், அவர் பொய் சொல்லவில்லை. கணக்கு உண்மையிலேயே இல்லை. களஞ்சிய அறையில் தேடி ஏழு படம் கிடைத்தது. ஆணிகள் துருப்பிடித்து, கன்வஸின் பின்பக்கம் கறுப்புப் புள்ளி பூத்திருந்தது. மற்ற நாலும் எங்கே என்று இன்றுவரை தெரியாது. இப்போது எங்கே படம் வைத்தாலும் இரண்டு பிரதி எழுதுகிறேன். படத்தின் சின்னப் போட்டோ, அளவு, விலை, விற்றால் எத்தனை நாளில் காசு, பழுதானால் யார் பொறுப்பு, கீழே இரண்டு கையெழுத்து. வாடைக்காற்று தொடங்க முன்னம், ஐப்பசிக்குள் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன். ஆள் இல்லாத கடற்கரைக் கட்டடத்தில் மார்கழி ஈரத்துக்குப் படத்தை விடுவது படத்தைக் கடலில் போடுகிற மாதிரி.

சரி, சாமானுக்கு வருவோம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் இருநூறு ரூபாய்ப் பக்கம் நின்றது, மே மாதம் முந்நூற்று அறுபதுக்குப் போய்விட்டது. பெயின்ட் டியூப் எல்லாம் வெளியிலிருந்து வருகிற சாமான். ஆகஸ்டில் பல நூறு பொருள்களின் இறக்குமதியை நிறுத்தியபோது கொழும்புக் கடைகளிலேயே அலுமாரித் தட்டு வெறுமையாகக் கிடந்தது. வரைகிறவர்களுக்குத் தெரியும், மற்ற நிறம் ஒரு டியூப் முடிகிறபோது வெள்ளை நாலு முடியும். நான் 450 ரூபாய்க்கு வாங்கிய அதே வெள்ளையை 1,400 கொடுத்து வாங்கினேன். அதையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பதினாறு நிறம் வைத்திருந்தவன் ஐந்துக்கு இறங்கினேன். டைட்டேனியம் வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா, மஞ்சள் காவி, ஒரு சிவப்பு. கறுப்பே வேண்டாம், அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் கறுப்பைவிட ஆழமான இருட்டு வரும். கொஞ்சம் வெள்ளை விட்டால் உள்துறைமுகத்தின் ஆறு மணிச் சாம்பல் அப்படியே வந்து நிற்கும். அதே நீலத்தோடு மஞ்சள் காவியைக் கலந்தால் மங்கிய பச்சை ஒன்று வரும். டியூப்பில் விற்கிற பச்சைகளைவிட அதுதான் வறண்ட கச்சான் காற்றில் தூசி படிந்த பனையோலைக்குப் பொருந்தியது. வராதது ஒன்றே ஒன்று, நிலாவெளிக் கடலின் இளம் பச்சைநீலம். அதற்குத் தாலோ நீலம் வேண்டும், அது கடையில் இல்லை. அதனால் நிலாவெளியை விட்டேன், துறைமுகப் பக்கம் திரும்பினேன். பின்னர் என் படங்களைப் பார்த்த ஒருவர், "நாட்டின் துயரம் உங்கள் நிறங்களில் இறங்கியிருக்கிறது" என்றார். நான் மறுக்கவில்லை. ஆனால் உண்மை, தாலோ நீலம் கிடைக்கவில்லை என்பதுதான்.

கன்வஸில் ஒரு பிழை விட்டேன். மலிவு என்று தறப்பாள் துண்டுகளை வாங்கி, வீட்டுச்சுவர் எமல்ஷனைத் தடிப்பாக ஒரே பூச்சாகப் பூசி வரைந்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரம் ஓரத்தில் நகம் பட்டது, வாழை மட்டை உரிகிற மாதிரிப் படம் முழுக்க ஒரு தோலாக உரிந்து வந்தது. பிளாஸ்டிக் நூலில் நிறம் பிடிக்காது. பிறகுதான் காடாத்துணிக்கு வந்தேன். முதலில் கஞ்சி போகக் கழுவிக் காயவிட வேண்டும். மனைவி ஓரம் மடித்துத் தைத்துத் தருவாள். சட்டத்தில் இறுக்கி அடித்து, வெளிச்சுவருக்குப் பூசுகிற நல்ல அக்ரிலிக் எமல்ஷனில் சோக்குத் தூளும் கொஞ்சம் வெள்ளைப் பசையும் கலந்து, தண்ணீராக இரண்டு மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அரத்தாள். இது கடையில் வாங்கும் பூச்சுக்கு ஈடு என்று சொல்லமாட்டேன், ஆனால் மூன்று மாரி கண்ட படங்கள் இன்னும் வெடிக்கவில்லை. சின்ன அளவுக்கு ஹாட்போட் துண்டு போதும். எங்கள் ஈரத்துக்கு அது வளையும், பின்னால் குறுக்கே ஒரு சட்டம் ஒட்டிவிட வேண்டும்.

சட்டம் அடித்துத் தருகிறவர் கிண்ணியாவில் ஒரு தச்சு நானா. மகோகனி விலை கேட்டு நான் முழிக்க, மூலையில் கிடந்த பைன் பலகைகளைக் காட்டினார். சரக்கு வந்திறங்குகிற தட்டுகளை உடைத்து எடுத்தவை.

"தம்பி, உங்கட படத்தைப் பாக்க வாறவன் சட்டத்தைத் தட்டிப் பாப்பானா?"

"மாட்டான் நானா."

"அப்ப இது போதும். நேரா இருக்கணும், அதுதான் முக்கியம். வளைஞ்ச மரத்துக்கு விலை கூடக் குடுத்தாலும் அது வளைஞ்சதுதான்."

ஒவ்வொரு துண்டையும் கண்ணுக்கு நேரே தூக்கி, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிப் பார்த்துத்தான் எடுப்பார். பத்தில் நாலு தேறும். அந்த நாலுக்கு மட்டும் காசு வாங்கினார்.

அக்ரிலிக்குக் கச்சான் காலம் எதிரி. தட்டில் பிதுக்கிய நிறம் பத்து நிமிடத்தில் தோலாகிவிடும். டியூப் 1,400 ரூபாய் ஆனபிறகு அந்தத் தோலைச் சுரண்டி எறிய மனம் வராது. பழைய சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் ஈரத்துணியை நாலாக மடித்து வைத்து, அதன்மேல் எண்ணெய்த்தாள், அதில் நிறம். மூடிவைத்தால் மூன்று நாள் இளகியே இருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் மணக்கும். எண்ணெய் வர்ணம் பாவிக்கிற தூரிகைகளை முன்பு மண்ணெண்ணெயில் கழுவுவேன். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. கடல் தொழிலுக்கே எண்ணெய் இல்லாதபோது தூரிகை கழுவ வரிசையில் நிற்க வெட்கமாக இருந்தது. தேங்காயெண்ணெயில் கசக்கி, துணியில் துடைத்து, பிறகு சவர்க்காரத்தில் இரண்டு தரம் கழுவினால் அதே மாதிரிப் போகிறது. சவர்க்காரம் போட்டே ஆகவேண்டும். தேங்காயெண்ணெய் காயாது, தூரிகையில் தங்கினால் அடுத்த படமும் காயாது.

கறண்டுக் கதை எல்லோருக்கும் தெரியும். மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரைக்கும் வெட்டினார்கள். டோர்ச் வெளிச்சத்தில் ஒரு தரம் நிறம் கலந்தேன், விடிந்து பார்க்க வானம் பாசிப்பயறு நிறத்தில் இருந்தது. அதோடு இரவு வேலையை விட்டேன். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை நிறம், மற்ற நேரம் பென்சில்.

பென்சிலுக்கு வேலை தந்தது பெற்றோல் வரிசை. என்னுடைய பழைய மோட்டார்சைக்கிளுக்காக ஒரு இரவும் ஒன்றரைப் பகலும் நின்றேன். கையில் இருந்தது கணக்கெழுதுகிற சீ.ஆர். கொப்பி ஒன்றும் நீலப் பேனையும். தலையில் துவாய் போட்டுச் மோட்டார்சைக்கிள் டாங்கியில் தூங்குகிறவர், வெற்றுக் கான்களைக் கயிற்றில் கோர்த்து இழுக்கிற பொடியன், ஓட்டோவுக்குள் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற தாய். ஒருவரும் அசையமாட்டார்கள், வரைகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும். மூன்றாவது பக்கத்தில் ஒருவர் கோபத்தோடு வந்து கொப்பியைப் பிடித்தார். "எங்கட கஷ்டத்தை ஆருக்கு விக்கப் போறாய்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் முகம் இருந்த தாளைக் கிழித்து அவரிடமே கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், கிழிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் வரைந்தபின் ஆளிடம் காட்டாமல் பக்கத்தைத் திருப்புவதில்லை. ஆகஸ்டில் கியூ.ஆர். முறை வந்து மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்றானபோது வரிசை குறுகியது. கொப்பி அதற்குள் நிரம்பியிருந்தது.

காட்சி வைக்கிற யோசனை அந்தக் கொப்பியால்தான் வந்தது. காட்சி என்றால் அதுவரைக்கும் எனக்குக் கொழும்புதான். கொரோனாவுக்கு முந்திய ஒரு வருடம் கலா பொலவுக்குப் போயிருந்தேன். ஜோர்ஜ் கீட் மன்றம் 1993இல் தொடங்கிய அந்தத் தெருவோர ஓவியச் சந்தை ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில், மரநிழலில் நடக்கும். ஓவியன் தன் படங்களுக்குப் பக்கத்திலேயே நிற்பான், நடுவில் ஒருவரும் இல்லை. நல்ல இடம்தான். நான்தான் சொதப்பினேன். பதினாலு அக்ரிலிக் படங்களைக் குமிழி பிளாஸ்டிக்கில், குமிழி உள்பக்கமாக இருக்க இறுக்கிச் சுற்றி, இரவு பஸ்ஸின் அடிப்பெட்டியில் போட்டேன். வரைந்து ஒரு கிழமைகூட ஆகாத படங்கள். எஞ்சின் சூடு வேறு. விடியக் கொழும்பில் பிரித்தபோது பிளாஸ்டிக் 'சர்' என்று ஒட்டிக்கொண்டு வந்தது. கொட்டியாரக்குடாவின் அமைதியான தண்ணீர் முழுக்க வட்டம் வட்டமாக, யாரோ போத்தல் மூடியால் வரிசையாகக் குத்திய மாதிரி. ஆறு படம் அப்படி. மீதி எட்டோடு நின்றேன். இரண்டு விற்றது. போக்குவரத்து, சாப்பாடு, தங்கிய இடம் எல்லாம் கழிய மிஞ்சியது வெயில்.

அக்ரிலிக் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே வாரக்கணக்கில் இளகித்தான் கிடக்கும். சூட்டில் எதோடும் ஒட்டும். படத்தின் முகத்தின் மேல் கேக் அடிக்கிற எண்ணெய்த்தாள் வைத்து, அதற்குமேல் துணி, குமிழி வெளிப்பக்கமாக, முகத்தோடு முகம் பார்க்காமல் அடுக்கவேண்டும். சட்டத்திலிருந்து கழற்றி அனுப்புவதென்றால் நாலு அங்குலத்துக்குக் குறையாத பீவீசீ குழாயில், நிறம் வெளிப்பக்கம் இருக்கச் சுற்றவேண்டும். உள்பக்கமாகச் சுற்றுவதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். அப்படிச் சுற்றினால் விரிக்கும்போது வெடிப்பு வரும்.

2022 செப்டெம்பரில் கொழும்புக்குப் போக பஸ் காசும் இல்லை, துணிவும் இல்லை. ஏகாம்பரம் வீதிப் பக்கம் நண்பர் ஒருவரின் டியூசன் கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. ஓலைக்கூரை, இடுப்பளவு சுவர், அதற்குமேல் திறந்த வெளி. மண்டபம் கேட்டுப் போன இடங்களில் வாடகையும் ஜெனரேட்டர் காசும் சொன்னார்கள். கொட்டிலுக்குக் கறண்டே தேவையில்லை. காலை எட்டிலிருந்து பதினொன்று, பின்னேரம் மூன்றிலிருந்து ஆறு, வெளிச்சம் இருக்கிற நேரம் மட்டும் திறப்பு என்று வைத்தோம்.

மாட்டச் சுவர் இல்லையே. குறுக்கு வளையிலிருந்து தங்கூசியில், அதாவது தூண்டில் நைலோன் நூலில், தொங்கவிட்டேன். தங்கூசி கண்ணுக்குத் தெரியாது, அரைக்கிலோ படத்தை மாதக்கணக்கில் தாங்கும், மீன்பிடிச் சாமான் கடையில் மலிவு. முதல் நாள் காலையே காற்று அடித்து முப்பத்திநாலு படமும் ஊஞ்சல் ஆடின. சம்மாட்டியாரின் வாடிக்கு ஓடி, வலைக்குக் கட்டுகிற ஈயக்கட்டிகளை இரவல் வாங்கிவந்து ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு தொங்கவிட்டேன். ஆட்டம் நின்றது. பார்க்கவும் ஒரு அழகாகத்தான் இருந்தது. உயரம் பற்றி ஒரு சொல்: படத்தின் நடு, தரையிலிருந்து ஐம்பத்தெட்டு அங்குலம் இருக்கவேண்டும் என்பது காட்சிக்கூடக் கணக்கு. நான் நாலு அங்குலம் இறக்கினேன். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் அம்மாமாரும் பாடசாலைப் பிள்ளைகளும்.

அழைப்பிதழ் அச்சடிக்கவில்லை. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன வருடம் அது. வாட்ஸ்அப்பில் ஒரு படம், பிறகு ஹாட்போட் துண்டுகளில் கையால் எழுதி நூலக வாசல், சந்தை, பஸ் நிலையத் தேநீர்க் கடை ஆகிய மூன்று இடத்தில் வைத்தேன். பஸ் நிலையத்தில் வைத்ததன் ஓரத்தை மான் ஒன்று மென்றுவிட்டது. எங்கள் ஊர் மானுக்கு எதுவும் சாப்பாடுதான்.

முதல் நாள் அறுபது எழுபது பேர் வந்தார்கள், ஒன்றும் போகவில்லை. பின்னேரம் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் என் மனைவியைத் தனியாக ஒரு ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் கதைத்தார். அவர் போனபின் மனைவி வந்து, "விலையை எழுதி வையுங்கோவன். கேட்டிட்டு வாங்காமப் போக வெட்கமாம். அதால ஒருத்தரும் கேக்கேல்ல" என்றாள். இருபது வருடமாக நான் படத்துக்குக் கீழே விலை எழுதுவதைக் கௌரவக் குறைவு என்று நினைத்திருந்தேன். அன்றிரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் இருவருமாக முப்பத்திநாலு துண்டு எழுதினோம்.

விலைக்கும் ஒரு கணக்கு அன்றைக்குத்தான் பிறந்தது. அதுவரை ஆளைப் பார்த்து விலை சொல்கிற பழக்கம். சின்னப் படத்துக்குச் சதுர அங்குலம் 30 ரூபாய், நடுத்தரத்துக்கு 25, பெரியதுக்கு 20, அதோடு சட்டக் காசு. எட்டுக்குப் பத்து என்றால் 80 சதுர அங்குலம், 2,400. சட்டம் 900. ஆக 3,300. உள்ளூர் ரீச்சருக்கும் கனடாவிலிருந்து வந்த மச்சானுக்கும் அதே விலை. மச்சான், "டொலரில் பார்த்தால் ஒன்றுமேயில்லை" என்று சிரித்தார். டொலரில் பார்க்காதே என்று சொல்லிவிட்டு, அவருக்கு இரண்டு படம் விற்றேன்.

இரண்டாம் நாள் ரீச்சர் திரும்ப வந்தார். 3,300 ரூபாய்ப் படம் ஒன்றை நோக்கி நேரே நடந்து வந்து, "மூன்று மாதத்தில் தரலாமா தம்பி?" என்று கேட்டார். சீட்டுக் கட்டுகிற ஊருக்கு இது தெரியாத வித்தையா? எனக்குத்தான் தோன்றவில்லை. பெரிய எழுத்தில் 'தவணைக்கும் தரப்படும்' என்று எழுதி வாசலில் தொங்கவிட்டேன். மூன்று நாளில் ஒன்பது படம் போயிற்று, மச்சானுடைய இரண்டைத் தவிர ஏழும் தவணை. தாதி, வங்கி எழுதுநர், பலசரக்குக் கடைக்காரர், இரண்டு ஆசிரியர்கள். இவர்களில் ஒருவர்கூட அதற்கு முன் படம் வாங்கியதில்லை. வாங்கச் சொல்லி நான் கேட்டதுமில்லை. இத்தனை வருடமாக உப்புவெளிக்குச் சைக்கிள் மிதிக்கும்போது இவர்கள் வீட்டு வாசலைக் கடந்துதான் போயிருக்கிறேன்.

தவணையிலும் ஒரு அடி விழுந்தது. ஒருவர் முதல் தவணையோடு நின்றுவிட்டார். தெருவில் கண்டால் அவர்தான் மறுபக்கம் போகிறார். எனக்கும் ஒரு மாதிரி இருக்கிறது. இப்போது இரண்டாவது தவணைக்குப் பிறகுதான் படம் வீட்டுக்குப் போகும்.

பெற்றோல் வரிசைப் படங்களுக்கு முன்னால்தான் ஆட்கள் கூட நேரம் நின்றார்கள். "இது என்ர தலை" என்று ஒருவர் விரல் வைத்துக் காட்டி, போனில் படமும் எடுத்தார். ஒன்றும் விற்கவில்லை. அந்த வருடத்தைக் காசு கொடுத்து வீட்டுச் சுவரில் மாட்ட யாருக்கு மனம் வரும்? ஆனால் அதைப் பார்க்க வந்த சனம்தான் பக்கத்தில் தொங்கிய மானையும் மலையையும் வாங்கியது. காட்சியில் எல்லாமே விற்கவேண்டும் என்ற நினைப்பை அதோடு விட்டேன். அந்தக் கொப்பியை இப்போது விலைக்கு வைப்பதில்லை.

மூன்றாம் நாள் மூடுகிற நேரம் சம்மாட்டியார் ஈயக்கட்டிகளைக் கணக்குப் பார்க்க வந்தார். எண்ணிக்கொண்டே வந்தவர் ஒரு படத்தின் கீழ் நின்றுவிட்டார். பதினெட்டுக்கு இருபத்திநாலு. கரையில் ஏற்றிவைத்த அவருடைய போட், காய்ந்த பாசி, பின்னால் மங்கிய கடல், விலாவில் 'ஸ்ரீ பத்திர'.

"இது எவ்வளவு?"

கீழே எழுதியிருந்தது. 10,800, சட்டம் 1,700, ஆக 12,500.

"இவ்வளவுக்குப் போட்டுக்கு எண்ணெய் அடிக்கலாம் மகன்" என்றார். பிறகு மடியிலிருந்து 3,000 எடுத்துத் தந்தார். இரண்டாவது தவணை ஐப்பசியில் ஒரு பெரிய அறுக்குளா மீனாக வந்தது. மனைவி விலை மதிப்பிட்டாள், தவணைக் கொப்பியில் 3,000 என்று பதிந்தோம். படம் அவர் வீட்டுக்குப் போயிற்று.

ஒரு கிழமையில் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு திரும்ப வந்துவிட்டார். பேரை முடித்துத் தரவேண்டுமாம். நான் மறுத்தேன். அந்தப் படமே அந்த அரைப் பேருக்காகத்தான் வரைந்தது, அதை முடித்தால் கரையில் நிற்கிற சும்மா ஒரு போட் ஆகிவிடும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்லுறது விளங்குது மகன். ஆனா அம்மாளை அரைவாசியில விட்டு வீட்டில கொழுவேலாது. மனுசி ஒத்துக்கொள்ளமாட்டாள்."

காசு கொடுத்து, பாதி மீனாகக் கொடுத்து வாங்கியவர். அவர் வீட்டுச் சுவர். இரண்டாம் நம்பர் தூரிகையை எடுத்து 'காளி'யை எழுதினேன். தைப்பொங்கலுக்கு முன் உண்மையான போட்டிலும் எழுதிக் கொடுத்தேன், அதற்கு வெள்ளை எனாமல் டின்னை அவரே வாங்கி வந்திருந்தார்.

இரண்டு இடத்திலும் வெள்ளை பொருந்தவில்லை. போட்டில் பழைய எழுத்து வெயிலில் மங்கி மஞ்சளாகிவிட்டது, புது 'காளி' பளிச்சென்று தனியே நிற்கிறது. படத்தில் வேறு கம்பனி டியூப், கொஞ்சம் நீலம் அடிக்கிறது. அவர் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாவது தவணையாக 4,000 தந்தார். மிச்சம் 2,500 கொப்பியில் இருக்கிறது.